சேற்றுக்கு ஒரு சக்கரம், சாலைக்கு ஒரு சக்கரம்

ஐப்பசி மாதத்துக் குத்தாலத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி புதியதன்று. (அருவி விழும் குற்றாலத்தைச் சொல்லவில்லை. காவிரியின் தென்கரையில், மயிலாடுதுறைக்கு மேற்கே, கும்பகோணம் சாலையில் உள்ள குத்தாலத்தைச் சொல்கிறோம்.) குறுவை அறுவடை முடிந்து நெல் குவிந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் அரசு இதைச் சிறிது தளர்த்துவதும் உண்டு. நெல்லை ஏற்ற வந்த சிறு லாரி மண்பாதையில் பின்சக்கரம் புதைந்து நிற்கிறது. ஓட்டுநர் முடுக்க முடுக்கச் சக்கரம் சுழல்கிறதே தவிர, வண்டி நகரவில்லை. நேரம் போகப் போக நெல்லின் ஈரம் ஏறுகிறது.

“சேற்று டயர் போட்டிருந்தால் ஏறியிருக்கும்” என்கிறார் ஒருவர். “எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று ஒரு டயர் விற்கிறார்களே, அதை வாங்கக்கூடாதா?” என்கிறார் மற்றொருவர். எல்லா நிலத்துக்கும் ஏற்ற ஒரே சக்கரம் என்று ஒன்று இருக்க முடியுமா? இந்தக் கேள்வி ரப்பர் டயரைவிடப் பழையது. காவிரிப் படுகையின் மக்கள் இதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றை அறிந்தால் கடையில் டயர் பொறுக்குவதும் எளிதாகும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். குத்தாலத்தைப் போன்ற ஆற்றோர ஊர்களில் இரண்டு வகை மண் அருகருகே உள்ளது. ஆற்றை ஒட்டிய படுகை நிலத்தில் மணலும் வண்டலும் கலந்திருக்கும். கோடையில் வறண்ட ஆற்றுக்குள் இறங்கினால் வெறும் மணல்தான். ஆற்றை விட்டு விலகிச் சென்றால் நன்செய் வயல்களின் களிமண். வேனிலில் பாளம் பாளமாக வெடிக்கும். நீர் பட்டால் பருத்து, பசைபோல் ஒட்டும். மண்ணியலார் ஆதனூர், களத்தூர் என்று ஊர்ப்பெயர்களாலேயே வகைப்படுத்தியுள்ள டெல்டா மண்கள் இத்தகைய களிமண்களே.

மணலும் களியும் சக்கரத்தை ஏந்தும் முறை ஒன்றுக்கொன்று நேர்மாறானது. இதற்கான இயற்பியலைச் சொன்னவர் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும். மின்னேற்றங்களின் விதிக்காக நாம் பாடத்தில் படிக்கும் அதே கூலும்தான். கோட்டைச் சுவர்களைத் தாங்கும் மண்ணைப் பற்றி அவர் 1773ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை அளித்தார். மண்ணின் வலு இரண்டு கூறுகளால் ஆனது என்பது அதன் சாரம். ஒன்று, துகளோடு துகள் உராய்வது. இது மேலிருந்து அழுத்தும் பளுவைப் பொறுத்தது. மற்றொன்று, துகள்கள் தாமே ஒட்டிக்கொண்டிருப்பது. இது பளுவைப் பொறுத்ததன்று, பரப்பை மட்டுமே பொறுத்தது. உலர்ந்த மணலில் முதல் கூறு மட்டும் உண்டு. நீரில் ஊறிய களியில் ஏறக்குறைய இரண்டாவது மட்டும் உண்டு.

இதன் விளைவு வியப்பானது. மணலில் பளு கூடினால் சக்கரத்தின் பிடிப்பும் கூடும். ஊறிய களியில் பளுவை இரட்டித்தாலும் பிடிப்பு கூடாது. புதைவு மட்டுமே கூடும். அங்கே பிடிப்பு வேண்டுமானால் மண்ணைத் தொடும் பரப்பை மிகுதியாக்க வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியின் பின்புறத்தில் நாலு பேரை ஏறி நிற்கச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. காய்ந்த மணலில் அதனால் ஓரளவு பயன் கிடைக்கும். களிச்சேற்றில் அந்த நால்வரும் இறங்கித் தள்ளுவதே மேல்.

கட்டைவண்டியின் கணக்கு

நம் கட்டைவண்டியின் சக்கரத்தைக் கூர்ந்து பாருங்கள். நடுவே குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டைகள், வட்டையின் மேல் இரும்புப் பட்டை. பட்டையை வட்டையைவிடச் சிறிது குறைந்த சுற்றளவில் அடித்து, தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் பூட்டி, உடனே நீரூற்றிக் குளிர்விப்பார்கள். பட்டை சுருங்கும்போது வட்டையும் ஆரக்காலும் குடமும் ஒன்றோடொன்று இறுகிவிடும். வெப்ப விரிவு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் பட்டறைகளில் காண்பது அரிது.

இந்தச் சக்கரம் உயரமானது, ஆனால் ஒடுங்கியது. உயரம் ஏன் என்பது எளிதில் விளங்கும்: பெரிய வட்டம் பள்ளத்தில் முழுவதும் இறங்காது, வரப்பில் எளிதாக ஏறும். ஒடுக்கம் ஏன்? நன்செய் வயலில் மேலே ஒரு சாண் அளவு சேறு. அதற்கடியில், தலைமுறை தலைமுறையாக உழுது மிதித்ததால் இறுகிப்போன கெட்டித் தளம். ஒடுங்கிய சக்கரம் சேற்றைக் கத்தி போல் பிளந்து அடித்தளத்தைத் தொட்டு நிற்கும். அகன்ற சக்கரமானால் சேற்றைத் தன் முன்னே குவித்துத் தள்ளும். மாடு இரட்டிப்பாக இழுக்க வேண்டும். சேற்றின் ஆழம் குறைவாகவும் அடித்தளம் கெட்டியாகவும் இருந்தால் ஒடுங்கிய சக்கரமே சிறந்தது. இதை எந்தத் தச்சரும் சூத்திரமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் சக்கரம் அந்த அளவிலேயே செய்யப்பட்டது.

வயலில் நன்மையானது சாலையில் கேடானது. ஒரு வண்டியின் ஒரு சக்கரத்தின் மேல் அரை டன் இருப்பதாகக் கொள்வோம். பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர், கெட்டிச் சாலையில் அது படியும் நீளம் 4 சென்டிமீட்டர் என்றால், 20 சதுர சென்டிமீட்டரில் 500 கிலோகிராம். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம். எந்த மண்சாலை இதைத் தாங்கும்? அதிலும் டெல்டாவில் சாலைக்கு இட உள்ளூர்க் கல்லே கிடையாது. வல்லம் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து செம்புறாங்கல்லும் சரளையும் கொண்டுவந்தாக வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை தானே ஒரு ரயில் பாதை போட்டு 1894ஆம் ஆண்டில் திறந்தது. ஒரு மாவட்ட ஆட்சிமன்றம் ரயில் பாதைக்கு உடைமையாளராக இருந்தது அன்று அரிய செய்தி. சாலைக்குக் கல் இல்லாத நாட்டில் இரும்புப் பாதை போடுவது ஆடம்பரமன்று என்பது என் கருத்து.

சக்கரத்துக்கும் சாலைக்கும் நடக்கும் இந்த வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டிலேயே ‘அகலச் சக்கரச் சட்டம்’ வந்தது. சுங்கச் சாலைகளில் செல்லும் பெரிய பார வண்டிகளுக்கு 9 அங்குல அகலமுள்ள வட்டை வேண்டும் என்று அது விதித்தது.

காற்றை அடைத்த சக்கரம்

சாலையை வெட்டாமலும் சுமையைக் குறைக்காமலும் அழுத்தத்தைக் குறைக்க ஒரே வழி, தொடும் பரப்பைக் கூட்டுவது. ரப்பரால் அது இயன்றது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டார். 1845ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன், ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை அடைத்து, தோலுறை போட்டுச் சக்கரத்தில் பொருத்த உரிமம் பெற்றார். அவருடைய சக்கரங்களில் ஒரு தொகுதி ஏறத்தாழ 1,200 மைல் ஓடியது. ஆயினும் மெல்லிய ரப்பர் விலை மிகுந்ததாக இருந்ததால் யாரும் வாங்கவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதையே மீண்டும் கண்டுபிடித்தார். பழைய உரிமம் வெளிப்பட்டபோது டன்லப்பின் உரிமம் செல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் டன்லப்புக்கே நின்றுவிட்டது.

தாம்சனுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1867ஆம் ஆண்டு முதல் அவர் சாலையில் ஓடும் நீராவி இழுவை வண்டிகளுக்குக் கனத்த திண்ம ரப்பர் வளையங்களைப் பொருத்தினார். இங்கே படைத்துறையில் இருந்த இளம் அதிகாரி கிராம்ப்டன், மாட்டு வண்டித் தொடர்களுக்கு மாற்றாக அவற்றை 1870களில் வடமேற்கே கிராண்டு டிரங்கு சாலையில் ஓட்டிப் பார்த்தார். வண்டிகளுக்குச் செனாப், ராவி என்று நம் ஆறுகளின் பெயர்கள். ரப்பர் வளையம் நீராவி வண்டியின் எடையிலும் சாலையில் அமிழாமல் ஓடியது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. கிராம்ப்டன் பின்னாளில் மின்பொறியாளராகப் புகழ்பெற்றார். இன்றும் நம் வீட்டு மின்விசிறிகளில் அவர் பெயர் இருக்கிறது. முதல் உலகப் போரில் டாங்கியை வடிவமைக்க 1915ஆம் ஆண்டில் அமைந்த குழுவுக்கும் அவர் ஆலோசகராக இருந்தார்.

ரப்பரின் வரலாற்றில் தஞ்சை மண்ணின் மனிதர்களும் இருக்கிறார்கள். 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழி மலாயாவில் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பால் வெட்டுவதற்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. கப்பல் ஏறிய துறைகளில் நாகப்பட்டினம் முக்கியமானது. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலைப் பற்றி இன்றும் பேசும் முதியவர்கள் உண்டு. இரும்புப் பட்டை வண்டியில் பயணப்பட்டுத் துறைமுகம் சேர்ந்தவர்கள் பால் வெட்டிய மரங்களால்தான் உலகம் ரப்பர்ச் சக்கரத்துக்கு மாறியது. டயரின் வரலாற்றை எழுதும் பொறியியல் நூல்கள் குட்இயரையும் டன்லப்பையும் மறவாமல் சொல்கின்றன. பால் வெட்டியவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்காதவை அவற்றில் பல.

டன்லப் நிறுவனம் வங்காளத்தில் சாகாகஞ்சு என்னும் இடத்தில் 1936ஆம் ஆண்டில் டயர்த் தொழிற்சாலை தொடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் அதன் ஆலை 1959இல் வந்தது. பலூன் செய்து தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி 1961இல் திருவொற்றியூரில் டயர் செய்யத் தொடங்கியது. மாட்டுக்கென்றே செய்த காற்று டயர்களும் விற்பனைக்கு வந்தன. அவை பூட்டிய வண்டிக்கு நம் ஊர்களில் ‘டயர் வண்டி’ என்று பெயர். தார்ச்சாலையில் அதே மாடு அதே களைப்பில் கூடுதலாக இழுத்தது. வயலுக்குள் மட்டும் கட்டைவண்டியின் உயரம் அதற்கு இல்லை. எனவே சில காலம் இரண்டும் ஒரே தெருவில் ஓடின. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்துவதைத் தம் வாழ்நாள் பணியாகவே கொண்டார். விண்கலம் விடும் நாட்டில் கோடிக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகளின் சக்கரத்தைப் பற்றிச் சிந்திக்க ஆளில்லை என்று அவர் வருந்தியது நியாயமே.

கூண்டுச் சக்கரம்

டிராக்டர் தோன்றிய காலத்தில் அதற்கும் இரும்புச் சக்கரம்தான். மண்ணைக் குத்திப் பிடிக்க அதில் கூரிய கட்டைகள் இருந்தன. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் டிராக்டருக்குக் காற்று டயர் பொருத்தியது. சோதனைக்கு எடுத்தவை விமானச் சக்கர டயர்கள். அவற்றில் அடைத்த காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 12 பவுண்டு மட்டுமே. ரப்பர்ச் சக்கரம் வழுக்கிவிடும் என்று எண்ணிய உழவர்களை நம்பவைக்க, கார்ப் பந்தய வீரர்களை அமர்த்தி டிராக்டர்ப் பந்தயமே நடத்தினார்கள்!

இங்கே ஒரு பொதுவிதியைச் சொல்லிவிட வேண்டும். காற்று டயர் தரையை அழுத்தும் அளவு, அதனுள் அடைத்த காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம். மேலே கண்ட கட்டைவண்டியின் 25-உடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தஞ்சையில் டிராக்டர் பெருகியதற்குப் பயிர்க் காலமே காரணம். 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. குத்தாலத்துக்கு மேற்கே உள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் (1922ஆம் ஆண்டில் தொடங்கியது) ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தை 1960களின் நடுவில் தந்தது. குறுவையை அறுத்ததும் தாளடி நட வேண்டும். இடையில் இருப்பவை சில வாரங்கள். அவையும் மழை வாரங்கள். மாடு கட்டி உழுது முடிப்பதற்குள் பருவம் தவறிவிடும். இயந்திரம் சேற்றில் இறங்கியே ஆகவேண்டியதாயிற்று.

அமெரிக்க வறள் நிலத்துக்கென வந்த டயர் நம் சேற்றில் என்ன ஆயிற்று? டயரின் விலா எலும்புகள் போன்ற கட்டைகளுக்கிடையே களி அடைத்துக்கொண்டது. அடைத்த பின் அது வழுவழுப்பான உருளை. உழவர்கள் வறள் நிலத்துக்காகப் பின் டயரில் நீரை நிரப்பிப் பளு ஏற்றுவது வழக்கம். கூலும் சொன்னபடி சேற்றில் அந்தப் பளுவால் பயனில்லை. இதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, நெல்லுக்கும் கரும்புக்கும் என்றே செய்த ‘ஆர்-2’ குறியுள்ள டயர். சாதாரண ‘ஆர்-1’ டயரைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமான கட்டைகள் அதில் உண்டு. மற்றொன்று கூண்டுச் சக்கரம்; ஊரார் வாயில் ‘கேஜ் வீல்’. இரும்பு வளையங்களின் குறுக்கே பட்டைகளை வைத்துப் பற்றவைத்த வெற்றுக் கூண்டு அது. சேறு அதன் வழியே புகுந்து வெளியேறிவிடும், அடைக்காது. பரப்பு அகலமாதலால் டிராக்டர் மிதப்பதுபோல் செல்லும். சேற்றைக் கலக்கும் வேலையையும் சக்கரமே செய்துவிடும். டெல்டாவின் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் இதைச் செய்துவிடலாம். எத்தனையோ விலையுயர்ந்த டயர்களால் இயலாததை இந்த மலிவான இரும்புக் கூண்டு செய்கிறது.

ஆனால் வயலுக்கும் வயலுக்கும் இடையே தார்ச்சாலை இருக்கிறதே! கூண்டுச் சக்கரத்தோடு சாலையில் ஏறிய டிராக்டர், தாரைக் கொத்திக்கொண்டே போகிறது. அவ்வாறு ஓட்டினால் அபராதம் என்று அதிகாரிகள் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். ஆண்டுதோறும் சாலைகளில் கோடுகள் விழுகின்றன. கழற்றி மாட்ட ஆளும் நேரமும் வேண்டும் என்பது உழவரின் வாதம். போட்ட சாலை ஒரு பருவம் தாங்கவில்லை என்பது ஊராரின் வாதம். 1753ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு, சக்கரத்தை மாற்றிக்கொண்டு, இங்கே இன்னும் நடக்கிறது. டயரை ஒட்டியே பூட்டும் அரைக் கூண்டு, கழற்றுவதற்குச் சற்று எளிதானது. வழக்கை முழுவதும் தீர்க்கவில்லை.

பாலைவனத்திலிருந்து கடைத்தெருவுக்கு

மணலின் பாடத்தை உலகம் வேறிடத்தில் கற்றது. 1930களில் ஆங்கிலப் பொறியாளர் ரால்ப் பேக்னால்டு லிபியப் பாலைவனத்தில் கார்களை ஓட்டிச் சென்றார். டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகப் படிந்து மணல்மேல் செல்லும் என்பதை அவர் நன்கு பயன்படுத்தினார். போர்க்காலத்தில், 1942 முதல் செய்யப்பட்ட ‘டக்’ என்னும் நீர்நில ஊர்தியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார்கள். கடற்கரை மணலில் குறைவு, சாலையில் மிகுதி. ஒரே டயர் இரண்டு டயராக நடந்துகொண்டது! 1941ஆம் ஆண்டின் ஜீப்புக்கு 6.00-16 அளவில் முன்னும் பின்னும் ஒரேபோல் இழுக்கும் கட்டைகள் கொண்ட டயர் வந்தது. சிக்கினால் பின்னோக்கியும் மீள வேண்டும் அல்லவா? நம் ஊர் டிராக்டர்கள் பலவற்றின் முன் டயரும் அதே 6.00-16 அளவுதான். மண்ணுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவை எம்.ஜி. பெக்கர் என்பவர் தனி இயலாகவே வளர்த்தார். 1971ஆம் ஆண்டில் நிலவில் ஓடிய ஊர்திக்குக் காற்றில்லாத கம்பிவலைச் சக்கரம் அமைந்ததில் அவர் பங்கு உண்டு.

இந்தப் படைத்துறை டயர்களின் வழிவந்தவையே இன்று பிக்கப் வண்டிகளுக்கும் ஜீப் வகை ஊர்திகளுக்கும் விற்கப்படும் ‘எல்லா நில’ டயர்கள். கடையில் மூன்று வகை காணலாம். ‘எச்.டி.’ என்பது சாலைக்கு, ‘எம்.டி.’ என்பது சேற்றுக்கு, ‘ஏ.டி.’ இரண்டுக்கும் நடுவே. வேறுபாடு ரப்பர்க் கட்டைகளுக்கு இடையே விட்ட வெற்றிடத்தில் இருக்கிறது. வெற்றிடம் அகலமானால் களி உதிர்ந்து விழும். ஆனால் அதே அளவுக்குத் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறையும். இரைச்சலும் தேய்மானமும் கூடும். ஈரத் தாரில் வண்டி நிற்க எடுக்கும் தொலைவும் நீளும். ‘ஏ.டி.’ என்பது இரண்டின் சமரசம். மணலிலும் சரளையிலும் அது நன்றாகவே உழைக்கும். டெல்டாவின் ஊறிய களியில் அதன் குறுகிய வெற்றிடங்கள் சில சுற்றிலேயே அடைபட்டுவிடும். விளம்பரப் படத்தில் காணும் சேறு பெரும்பாலும் நம் களிமண் அன்று.

படுகை மணலிலும் ஆற்றோர வண்டிப்பாதையிலும் அடிக்கடி செல்பவருக்கு ‘ஏ.டி.’ டயர் தகும். மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்து, சாலையில் ஏறியதும் மறவாமல் திரும்ப அடைக்க வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூடும். ஆண்டில் பதினோரு மாதம் தார்ச்சாலையில் நெல்லும் வைக்கோலும் ஏற்றுபவருக்கு, சேற்றுக்காக டயர் வாங்குவது வீண் செலவு. அவர் முதலில் பார்க்க வேண்டியது டயரின் பக்கத்தில் பொறித்துள்ள பளு எண். பயணிகள் ஊர்திக்கென வந்த எல்லா நில டயர்கள் சிலவற்றின் பளு எண், பிக்கப்புக்கு ஆலையில் பூட்டியதைவிடக் குறைவு. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பது பாரம் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. அகலத்தைக் கூட்டுவதும் எப்போதும் நன்மையன்று. ஒரு சாண் சேற்றுக்கடியில் கெட்டித் தளம் இருக்கும் பாதையில், கட்டைவண்டி காட்டிய ஒடுங்கிய சக்கரமே மேலானது. அடித்தளமே இல்லாத உளைச்சேற்றில்தான் அகலம் உதவும்.

2005ஆம் ஆண்டில் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர்பெற்ற டாட்டா ஏஸ் வண்டியின் சக்கரத்துக்கு 12 அங்குல வளையம். டயரோடு சேர்த்தும் விட்டம் அரை மீட்டருக்குச் சற்று மேல்தான். அந்த உயரத்தில் எந்த ரகக் கட்டை வெட்டியிருந்தாலும் வயலில் அது புதையும். அதற்கு ஏற்ற இடம் சாலையோரம். வயலிலிருந்து சாலை வரை நெல்லை டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்து மாற்றி ஏற்றுவதே டெல்டாவில் பலரும் கையாளும் முறை. ஏற்றுகூலி ஒன்று கூடும். வண்டி மாட்டிக்கொண்டு ஒரு பகல் நிற்பதைவிட அது குறைவு.

அறுவடை இயந்திரத்தில் இந்தத் தேர்வு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ‘டயர் வண்டி’ என்றும் ‘பெல்ட் வண்டி’ என்றும் இரண்டு வகை வாடகைக்கு வருகின்றன. சங்கிலிப் பட்டையில் நகரும் பெல்ட் வண்டி, கிராம்ப்டன் ஆலோசனை சொன்ன டாங்கியின் உறவு. பளுவை நீண்ட பரப்பில் பரப்பிச் சேற்றின்மேல் செல்லும். அதற்கு வாடகை கூடுதல். தை மாதத்தில் சம்பா வயல் காய்ந்திருக்கும்போது டயர் வண்டியைக் கூப்பிடுகிறார்கள். ஐப்பசியில் குறுவைக்குப் பெல்ட் வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். வயலில் இறங்கிக் காலை ஊன்றிப் பார்த்து, குதிகால் எவ்வளவு புதைகிறது என்று கண்ட பிறகே எந்த வண்டிக்குச் சொல்லியனுப்புவது என்று முடிவு செய்யும் உழவர்கள் உண்டு.